ஒயர் இல்லாத பெட்டி

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் மிளகு எண்ணெய் ஆலையில், பாய்லர் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பழைய பெட்டி செத்துவிட்டது. அந்த மாடலை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. போன வாரம் புதிய கன்ட்ரோலர் மாட்டினேன்.

“இதைத் தட்ட முடியாதே தம்பி” என்றார் ஆபரேட்டர் முருகண்ணன். வெப்பம் ஏறினால் பெட்டியைத் தட்டுவது அவர் வழக்கம். அவர் மனம் கோணாமலிருக்க, பழைய பெட்டியின் வெறும் கூட்டைப் பக்கத்திலேயே மாட்டி வைத்தேன்.

இன்று வெப்பம் எகிறியது. நான் லேப்டாப்பைத் திறப்பதற்குள் அண்ணன் காலிக் கூட்டை ஓங்கித் தட்டினார். வெப்பம் இறங்கியது. கூடு உடைந்தது.

“அதுல ஒயரே இல்லண்ணே!”

“இறங்கிச்சா இல்லியா?”

மேனேஜர் சேட்டன் ஓடி வந்து உடைந்த கூட்டைப் பார்த்தார்.

“ஐயோ! இதுக்கு ஸ்பேர் கிட்டுற வரை பாய்லர் ஓட்ட வேண்டா.”

அந்தப் பழைய மாடல் பெட்டி உங்களில் யாரிடமாவது இருக்கிறதா? உள்ளே எதுவும் வேண்டாம்.