மூன்று முறை படித்த கிராணி

எங்கள் லயத்தில் வரிசையாக உள்ள ஆறு வீடுகளுக்கு ஒரே தண்ணீர்க் குழாய். அது உடைந்து சேறாக வந்தபோது, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு நான்தான் மின்னஞ்சல் அனுப்பினேன். நேரில் பேச எனக்குக் கூச்சம். எழுத, ஆறாம் வகுப்புவரை படித்தது போதும். அவர் படித்தால் எனக்குத் தகவல் வரும்படி மருமகள் போனில் அமைத்துக் கொடுத்தாள். மூன்று கடிதங்கள் போயின. மூன்றையும் படித்துவிட்டதாகத் தகவல் வந்தது. குழாய் அப்படியே கிடந்தது.

ஒருநாள் கிராணி மோட்டார் சைக்கிளில் லயத்துப் பக்கம் வந்தார். எல்லாரும் சூழ்ந்துகொண்டு கேட்டோம்.

“லெட்டரே வரலையே ஆயா. வந்தா செய்யமாட்டேனா லா?”

நான் போனை நீட்டினேன். படித்த நாள், மணி எல்லாம் அதில் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“மூணு லெட்டர் படிச்சிருக்கீங்களே ஐயா, மனப்பாடமே ஆயிருக்கும்!”

அவர் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான்காவது கடிதத்துக்குத் தகவலே வரவில்லை.

“தகவல் வர்றத நிறுத்தி வச்சிருப்பாரு அத்தை. இனிமே படிச்சாலும் நமக்குத் தெரியாது” என்றாள் மருமகள்.

இத்தனை மாதமாகக் குழாய்க்கு ஓர் ஆள் அனுப்பத் தெரியாத மனிதருக்கு இதை நிறுத்த மட்டும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. பெரிய உத்தியோகம்!

ஐந்தாவது கடிதத்தைத் தாளில் எழுதி, நானே கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கூச்சத்தில் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.