பூஜையில் இருந்த ஏழாம் பகுதி

நவமியன்று காலை நாகர்கோவில் சந்திப்பில் ரயிலேறினேன். திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர்தான். ஆயினும் இந்தப் பயணத்துக்கு நான் ஆயத்தமானது, கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளராகச் சேர்ந்த நாள்தொட்டு என்றே சொல்ல வேண்டும்.

விக்டோரியா அரசியின் காலத்தில் இலண்டனில் நாவல்கள் மாதம் ஒரு பகுதியாக, மெல்லிய காகித அட்டையுடன் வெளிவந்தன. கதை முடிந்ததும் வாங்கியவர்கள் பைண்டரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்தெறிந்துவிட்டு, எல்லாப் பகுதிகளையும் ஒரே நூலாகத் தைத்துத் தருவார். ஆகவே அட்டை கலையாத முதற்பதிப்புப் பகுதிகள் மிக அரியவை. அப்படி இருபது பகுதிகளாக வந்த ஒரு நாவலில் பத்தொன்பது என்னிடம் உள்ளன. ஏழாம் பகுதி மட்டும் இல்லை. நான் பணிபுரிந்த கல்லூரியில் காட்சிக்கு வைக்குமாறு இருமுறை கேட்டார்கள். குறையுள்ள தொகுப்பைக் காட்டுவது என் வழக்கமன்று என்று மறுத்துவிட்டேன்.

அந்த ஏழாம் பகுதி திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஒரு வீட்டில் கிடைத்தது. வீட்டுக்கு உடையவர் கோமதி அம்மாள், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. உள்பக்கங்களைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். விலையும் பேசியாயிற்று.

திருவனந்தபுரம் ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் ஆட்டோ பிடித்தேன். கோட்டைக்கு முப்பது ரூபாய். புத்தகம் வாங்க வந்திருக்கிறேன் என்றதும் ஓட்டுநர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கோ? புக்கு தொடாத திவசம் அல்லே சாரே."

திவசம் என்று அவர் சொன்னது, மலையாளத்தில், நாளை. எங்கள் ஊரில் சரஸ்வதிக்குப் புத்தகங்களை வைப்பது நவமியன்றுதான். அவர்கள் வைப்பதற்குள் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. அக்கணக்கைக் கோமதி அம்மாள் வாசலிலேயே தகர்த்தார்.

"நேத்தி அஷ்டமி சாயங்காலமே பூஜை வெச்சாச்சே சார். இங்கே அப்படியாக்கும். இனி விஜயதசமி கார்த்தாலைதான் எடுக்கலாம்."

அட்டையை மட்டுமாவது பார்க்க இயலுமா என்று கேட்டேன். நான் எவரிடமும் எதையும் இருமுறை கேட்பவனல்லன், அன்று கேட்டேன்.

"இத்தனை வருஷம் காத்திண்டிருந்தேளே, ஒரு ராத்திரி கூடாதா?" என்று சொல்லிக் காபி கொண்டுவந்து வைத்தார்.

தம்பானூரில் அறை எடுத்துவிட்டு, பிற்பகலில் விழிஞ்ஞத்துக்குப் பேருந்து ஏறினேன். மீன்பிடித் துறைக்கு அப்பால் புதிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானளாவ நின்றன. என்னுடைய பகுதிகளும் ஒருகாலத்தில் மாதம் ஒன்றாகக் கப்பலில் இக்கரைக்கு வந்தவையே என்று எண்ணியபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஜயதசமி காலை கோமதி அம்மாள் பட்டுத்துணியை விலக்கினார். பச்சை அட்டை முழுவதும் குங்குமப் பொட்டுகள். சில கருஞ்சிவப்பாய் ஊறிப்போயிருந்தன; மேலே ஒன்று அப்போதுதான் காய்ந்திருந்தது. மற்ற பத்தொன்பதிலும் ஒரு விரல்தடம்கூடக் கிடையாது.

"எங்க மாமனாரோட தாத்தா வெக்க ஆரம்பிச்சது, அந்த நவராத்திரிக்குக் கையிலே வந்திருந்தது இந்தப் பகுதிதான். வருஷத்துக்கு ஒரு பொட்டு. பெங்களூர்லேந்து ஒரு வியாபாரி வந்தார், கறைன்னுட்டுப் போனார். உங்களுக்கும் அப்படித் தோணினா வேண்டாம் சார், இங்கேயே இருக்கட்டும்."

நான் பிரித்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் விளம்பரத் தாள்கள் முழுமையாக இருந்தன. மற்றப் பகுதிகள் இந்த வீட்டிலும் பைண்டரிடம் போய், பின்பு கரையானுக்கு இரையாயின என்றார். பொட்டு வைத்த அட்டையைக் கிழிக்க மட்டும் எவருக்கும் கை வரவில்லை. குங்குமம் படாதிருந்தால் இந்த அட்டையே இருந்திராது.

"கறை என்று நான் சொல்லமாட்டேன், அம்மா," என்றேன்.

விலையைப் பெற்றுக்கொண்டு, பட்டுத்துணியோடு கையில் கொடுத்தார். "அங்கே போனாலும் அஷ்டமிக்கே வெச்சுடணும் கேட்டேளா. உங்க ஊர்க் கணக்குக்கு மாத்தப்படாது."

வாக்குக் கொடுத்தேன். கேரள எல்லையிலுள்ள பாறசாலை தாண்டும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

இப்போது இருபது பகுதிகளும் கல்லூரி மண்டபத்தில் கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. குறையுள்ள தொகுப்பைக் காட்டாதவன் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆயினும் நவராத்திரியில் பேழையை மூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அஷ்டமி சாயங்காலம் ஏழாம் பகுதியை வீட்டுக்கு எடுத்துச் செல்வேன். அது இருந்த இடத்தில், என் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கும்: பூஜையில் உள்ளது.