கூட்டிச் சொன்ன தூரம்

எங்கள் ஆபீசில் அவருக்கு ‘அப்பா’ என்றே பெயர். முதல் நாள் டீம் லீடர் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். பெற்ற அப்பாதான், வேறெப்படிக் கூப்பிடுவாள்? ஐம்பத்தாறு வயதில் வேலை போய் இரண்டு வருடம் வீட்டில் கிடந்தவரை, மேனேஜரிடம் மன்றாடி, மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு அவள்தான் கொண்டுவந்தாள்.

“அவர் சொதப்பினா நீதான் பொறுப்பு” என்று மேனேஜர் அப்போதே சொல்லிவிட்டார்.

நாங்கள் செய்வது கம்ப்யூட்டர் போர் விளையாட்டு. களம் முழுக்க ஆறு பக்கக் கட்டங்கள். சிப்பாய்க்குக் கோட்டைவரை குறுக்குவழி கண்டுபிடிக்கும் புரோகிராம் அப்பாவுடையது. இன்னும் எத்தனை கட்டம் பாக்கி என்று அது அடிக்கடி குத்துமதிப்பாகக் கணக்குப் போடும். மதிப்பு குறைந்தால் பாதகமில்லை, நேரம்தான் ஆகும். கூடிவிட்டால் நல்ல வழியையே தூரம் என்று ஒதுக்கிவிடும்.

அப்பா சதுரக் கட்டத்திலேயே ஊறியவர். வரிசை வித்தியாசத்தையும் பத்தி வித்தியாசத்தையும் கூட்டிவிட்டார். கீழ்வலப் பக்கம் போனால் அது சரிதான். மேல்வலப் பக்கம் ஏறும்போது ஓர் அடியிலேயே வரிசை, பத்தி இரண்டு எண்ணும் மாறும். கூட்டினால் ஐந்து கட்டம் பத்தாகிவிடும். அங்கே பெரிய எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும் வேலை என்னுடையது. அவர் கீழ் மூலையில் வைத்துக் கொடுத்த கோட்டையை நான் ஒருநாளும் நகர்த்திப் பார்க்கவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன.

விளையாட்டை வாங்குபவர்கள் வரவிருந்த காலையில் அவரே கண்டுபிடித்தார்.

“தம்பி, மேல போறப்ப கூட்டக் கூடாது போலிருக்கே. புரோகிராம்ல ஒரு வரி மாத்தினாப் போதும். பாப்பாகிட்ட சொல்லிடட்டுமா?”

“விடுங்கப்பா, கோட்டை கீழதானே இருக்கு. இப்பப் போய்ச் சொன்னா அவங்க பதறிடுவாங்க. நாளைக்கு மாத்திக்கலாம்.”

அவர் தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போனார். நான் கெட்டிக்காரன் என்று நினைத்தார், பாவம்.

வந்தவர்களில் ஓர் அம்மாள் விளையாட்டாகக் கோட்டையை மேல்வல மூலைக்கு இழுத்துவிட்டார். சிப்பாய்கள் பக்கத்துப் பாலத்தை விட்டுவிட்டு ஏரியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அந்த அம்மாள் சிரித்தார். அரைமணியில் வந்தவர்கள் எல்லோரும் வாங்காமலே எழுந்து போய்விட்டார்கள்.

“யார் வேலை இது?” என்றார் மேனேஜர்.

அப்பாவின் உதடு அசைந்தது. அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

“கணக்கு நான் குடுத்தது சார். அவர் நான் சொன்னதைத்தான் எழுதினார்.”

அன்று மாலையே அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும்போது, “வாயைத் திறக்காதீங்கப்பா, உங்களுக்கு இனிமே யாரும் வேலை குடுக்க மாட்டாங்க” என்றாள்.

மறுநாள் அப்பா அந்த ஒரு வரியை மாற்றினார். சிப்பாய்கள் பாலத்தில் ஏறினார்கள். மேனேஜர் நிரந்தர வேலைக்கான கடிதத்தோடு அவர் மேசைக்கே வந்தார்.

“ரெண்டு மாசமா உங்க பொண்ணு கண்ணுல படாத தப்பு. நீங்க ஒரே நிமிஷத்துல சரி பண்ணிட்டீங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.