புது டிரம்மில் என் பழைய பொட்டு

என் வேனின் பின்பக்க பிரேக் டிரம், ஹப் பேரிங் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டதாக மைசூர் மெக்கானிக் ஒருவர் இன்று சத்தியம் செய்தார்.

நான் நம்பவில்லை. அங்கேயே சக்கரத்தைக் கழற்ற வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு டிரம்மையும் விடாமல் சிவப்பு பெயிண்டில் பொட்டு வைப்பவன் நான். போன வருடம் வைத்த பொட்டு அந்தப் 'புது' டிரம்மில் அப்படியே இருந்தது.

"இது என்னய்யா?"

கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "அய்யோ சுவாமி, இப்பல்லாம் கம்பெனிலயே பூஜை போட்டுத்தான் அனுப்பறாங்க."

நாளை இந்த வேனில்தான் பன்னிரண்டு பேரைச் சாமுண்டி மலையிலிருந்து இறக்க வேண்டும்.

அந்தப் பக்திமான் கம்பெனியின் பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் சாமுண்டியைக் கும்பிடுவதா, அவர்களைக் கும்பிடுவதா என்று கேட்க வேண்டும்.