மீனுக்குப் போட்ட எள்ளு

பெரியப்பா பொய் சொன்னார். வாய் தவறி ஒருநாள் வந்த பொய் இல்லை. தன் சொந்தத் தங்கையின் முகத்தைப் பார்த்து, அந்தத் தங்கை போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே வருடக்கணக்காகச் சொன்ன பொய். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தத் தங்கைதான் என் மாமி. அப்பாவுக்கும் தங்கை. நான் பிறப்பதற்கு முன் மாமியின் புருஷனும் பெரியப்பாவும் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பி ஊரிலிருந்து ஒன்றாக வெளிக்கிட்டு இத்தாலி வரை வந்தார்கள். அங்கிருந்து களவாகச் சுவிசுக்குள் போவதுதான் திட்டம். பெரியப்பா மட்டும் போய்ச் சேர்ந்தார். பிறகு கனடாவுக்கும் வந்தார். மாமா வரவில்லை.

பெரியப்பா சொன்ன கதை இதுதான். இத்தாலியில் ஒரு ரயில் நிலையத்தில் பொலிஸ் மறித்தது. இவர் ஒரு பக்கம் ஓடினார், மாமா மற்றப் பக்கம் ஓடினார். அதற்குப் பிறகு இவர் மாமாவைக் காணவேயில்லை. இவர் லொறி ஒன்றில் ஒளித்து எல்லை கடந்தார். மலைப்பக்கம் தான் கால் வைத்ததே இல்லை என்றும் சொல்வார்.

மாமியை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவரும் பெரியப்பாதான். இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்று எங்கள் சனம் எல்லாம் புகழ்ந்தது. கனடாவில், மோர்னிங்சைட்டில் எங்களோடு ஒரே வீட்டில் மாமி இருந்தார். முன்னறையில் மாமாவின் படம் மாலை இல்லாமல் தொங்கியது. காணாமல் போனவருக்கு மாலை போடுவதில்லை. மாமியும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டுதான் டோனட் கடை வேலைக்குப் போவார்.

எனக்குப் பதினொரு வயதானபோது பெரியம்மாவின் தங்கை மகளுக்கு இத்தாலியில் கலியாணம் நடந்தது. எல்லோரும் போனோம். மாமி மட்டும் வரவில்லை. அந்த நாட்டின் பெயரைக் கேட்டாலே அவருக்கு முகம் மாறிவிடும்.

கலியாணம் முடிந்த மறுநாள் பெரியவர்கள் எல்லாம் களைத்துப் படுத்துக் கிடக்க, பெரியப்பா என்னை எழுப்பினார். சைக்கிளில் நாட்டுப்புறம் பார்க்கப் போவோம் என்றார். நான் நம்பவில்லை. தெருமுனைக் கடையில் பால் வாங்கக்கூடக் காரை எடுக்கிற மனிதர். ஆனால் கலியாண வீட்டில் இரண்டு சைக்கிளை இரவல் வாங்கி வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். மிஞ்சிய புளிச்சாதத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

அதுவரை எனக்குத் தெரிந்த நாட்டுப்புறம் பஸ் ஜன்னலால் பார்த்த ஒஷாவாப் பக்கத்து வயல்கள்தான். இது வேறு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் வெள்ளைக் கல்லுக்கு மேலே ஓடுகிற ஆறு, ஆற்றோடு ஒட்டி ஒரு சின்ன றோட்டு. வெட்டிய புல்லின் வாசம். எங்கேயோ மேலே மாடுகளின் மணிச் சத்தம். நான் சைக்கிள் கைப்பிடியை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினேன். பெரியப்பா சந்தி வந்தால் நிற்கவும் இல்லை, யாரிடமும் வழி கேட்கவும் இல்லை. இடப்பக்கம், வலப்பக்கம் என்று திரும்பிப் போய்க்கொண்டே இருந்தார். என்ன மூளை இந்த மனிசனுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

றோட்டு முடிந்த இடத்தில் சைக்கிள்களைச் சுவரில் சாத்திவிட்டு நடந்தோம். கஸ்கொட்டை மரங்களுக்குள்ளே ஒரு கிழவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரியப்பாவைக் கண்டதும் நின்றார். தொப்பியைக் கழற்றினார். பிறகு இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா உடைந்த இத்தாலியனில் ஏதோ சொன்னார். அவருக்கு அந்தப் பாஷை தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கிழவர் என்னைத் தூக்கிக் குதிரையில் இருத்தினார். அதற்குப் பிறகு எனக்கு வேறு எதிலும் கவனம் இல்லை. குதிரையில் இருக்கிற பிள்ளைக்குக் கீழே நடந்து வருகிறவர்களின் முகம் எப்படித் தெரியும்?

மேலே ஒரு சின்னக் கோவில், அவர்களுடைய மாதா கோவில். பின்னால் சில கல்லறைகள். கரையில் இருந்த ஒன்றில் கல் இல்லை, பெயரும் இல்லை. ஒரு மரச் சிலுவை மட்டும் இருந்தது. பெரியப்பா அதற்கு முன்னால் போய்ச் சப்பாத்தைக் கழற்றினார். கால் கொப்பளித்துவிட்டது என்று நினைத்தேன். கனநேரம் வெறுங்காலோடு நின்றார். பிறகு ஆற்றுக்கு இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே எள்ளு. உள்ளங்கையில் எள்ளை வைத்து, தண்ணீரை அள்ளி, கையைப் பெருவிரல் பக்கமாகச் சரித்து மெல்ல ஊற்றினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மீனுக்குப் போடுறன், பிள்ளை."

மீனைத் தேடினேன். ஒன்றையும் காணவில்லை. அவர் உடுப்போடு அந்த ஐஸ் தண்ணீருக்குள் இறங்கித் தலை முழுகினார். நான் வயிறு நோகச் சிரித்தேன். கரையில் நின்ற கிழவர் சிரிக்கவில்லை. சரியான சிடுமூஞ்சி என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது எனக்குப் பெரிய ஐஸ்கிரீம் வாங்கித் தந்து பெரியப்பா சொன்னார், "மாமிக்கு உது ஒண்டும் சொல்லாதை. தன்னை விட்டிட்டுச் சுத்தினது எண்டு கவலைப்படுவா."

நான் சொன்னேன். குதிரையில் ஏறிய பிள்ளை சொல்லாமல் இருக்குமா? கனடா வந்த மறுநாள் காலை மாமி எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தார். சைக்கிள், குதிரை, சிலுவை, மீனுக்கு எள்ளு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சீப்பு நின்றது.

"எந்தப் பக்கத்தாலை ஊத்தினவர்? காட்டு பாப்பம்."

கையைப் பெருவிரல் பக்கமாகச் சரித்துக் காட்டினேன்.

"சப்பாத்தைக் கழட்டினவரோ?"

ஓம் என்றேன். தலை முழுகினதையும் சொன்னேன். மாமிக்கு என்னுடைய பயணத்தில் இவ்வளவு ஆசையா என்று எனக்குப் புளுகம், ஒரே சந்தோஷம். மாமி திரும்ப இழுக்கத் தொடங்கினார். அன்று பின்னல் நோகிற அளவுக்கு இறுக்கமாக இருந்தது. முடிந்ததும் எழும்பி, கண்ணாடிக்கு முன்னால் நின்று வழமைபோலக் குங்குமம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பிறந்தநாளோ பொங்கலோ, பெரியப்பா வந்து கதிரையில் இருந்தவுடன் மாமி தேத்தண்ணியைக் கொடுத்து, "அண்ணை, உங்கட இத்தாலிக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்பார். பெரியப்பாவும் சொல்வார். ரயில் நிலையம், பொலிஸ், லொறி. மாமி எதிரே இருந்து கடைசிச் சொல்லு வரை கேட்பார். கேட்டு முடிந்ததும் வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். மாமிக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும் என்று நாங்கள் பகிடி பண்ணினோம். எங்களுக்கு மனப்பாடமான கதையை இந்த மனுசி ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

போன வருடம் அப்பா மோசம் போனார். இந்த ஆடி அமாவாசைக்கு ஒன்ராறியோ ஏரிக் கரையில் தம்பி தர்ப்பணம் செய்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன். ஐயர் அவனைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். கையில் எள்ளு வைத்தார். தண்ணீரை விட்டார். பெருவிரல் பக்கமாகக் கையைச் சரித்து ஊற்றச் சொன்னார்.

மீனுக்குப் போட்ட எள்ளு என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தர்ப்பணத்தின் நடுவில் நிற்பதையும் மறந்து தம்பி திரும்பி, "அக்கா, what happened?" என்றான். நான் காரை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு, மாமியிடம் போனேன்.

மாமி மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் குங்குமம். மாமா செத்துப்போனார், பெரியப்பாவுக்குத் தெரியும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். மாமி கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"நீதானே அண்டைக்குச் சொன்னனீ."

எனக்கு வந்தது அழுகையா கோபமா தெரியாது. பிறகு இத்தனை வருடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏன் இந்தப் பொட்டு என்று கத்தினேன்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, பிள்ளை. கூடிக்கொண்டு போன ஆள் சொல்லட்டும். சொன்னா அழிக்கிறன்."

அவ்வளவுதான் சொன்னார். போஞ்சியை எடுத்து நறுக்கத் தொடங்கினார்.

மாமி ஒவ்வொரு முறையும் தேத்தண்ணியோடு கொண்டுவந்தது ஒரு தவணை. இந்த முறையாவது உண்மையைச் சொல் என்று அண்ணனுக்குக் கொடுத்த தவணை. தலையாட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த சிறுபிள்ளைக்கு அது தெரியவில்லை. வளர்ந்த பிறகும் தெரியவில்லை. பள்ளத்தாக்கைக் காட்ட அவர் என்னை அழைத்துப் போகவில்லை, தனியே போனால் எங்கே என்று கேட்பார்கள் என்பதற்காக என்னை மறைப்பாகக் கூட்டிப் போனார் என்பதும் இப்போதுதான் தெரிகிறது.

மாமிக்குப் பொறுமை இருக்கிறது. எனக்கு இல்லை.

பெரியப்பா, வருகிற ஞாயிற்றுக்கிழமை அஜின்கோர்ட் மண்டபத்தில் ஊர்ச் சங்கம் உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறது. மாமி முன் வரிசையில் இருப்பார். உங்கள் இத்தாலிக் கதையைச் சொல்லச் சொல்லி வழமைபோலக் கேட்பார். ரயில் நிலையம் வேண்டாம், லொறி வேண்டாம். மாமா எப்படிச் செத்தார்? கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் இருந்தீர்களா, விட்டுவிட்டு நடந்தீர்களா? அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் என்ன? மைக் உங்கள் கையில் இருக்கும். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.