சுண்ணாம்புக்கு அடியில் ஏழு மாதக் கணக்கு

இன்று மாலை கடைக்காரர் எங்கள் வீட்டுச் சுவரைப் படிக்க வந்தார்.

(படித்தது நான்தான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.)

யார் முன்னாலும் வாய் திறக்காதவள் நான். எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

மலாயாவில் ரெங்கம் பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அண்ணன், அண்ணியோடு இருக்கிறேன். அவர்கள் இருவரும் பால் வெட்டப் போகிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஆயாக் கொட்டகையில் வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

ரப்பர் விலை விழுந்தது. சம்பளம் குறைந்தது. தோட்டத்துக் கடையில் எங்கள் பற்று மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அண்ணிதான் முடிவெடுத்தார். “இந்தக் கடனை ஒரே அடியா முடிச்சிடணும். அப்புறம் காசு குடுத்து ரெங்கத்துலயே வாங்கலாம். அங்க அரிசி வெலை கம்மி.”

“முடிச்சிடலாம் லா,” என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து தீப்பெட்டி வாங்குவதை நிறுத்தினோம். பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து கொட்டாங்கச்சியில் நெருப்பு வாங்கி வருவது என் வேலை. விளக்கு ஏற்றுமுன் சாப்பாடு முடிந்துவிடும். அண்ணனுக்கு முடி வெட்டியதுகூட அண்ணிதான். (இரண்டு வாரம் அண்ணன் தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கவே இல்லை.) அண்ணன் பீடியை விட்டார்.

கணக்கு எழுத ஒரு நோட்டு வாங்கலாமா என்று மெல்லக் கேட்டேன்.

“நோட்டுக்குக் காசு குடுத்தா அந்தக் காசை எந்த நோட்டுல எழுதுவ?” என்றார் அண்ணி.

ஆகவே சுவரில் எழுதினேன். அடுப்புக்கு எதிரே பலகைச் சுவர். கரித்துண்டு இலவசம். கடையில் வாங்கியதெல்லாம் ஒரு பக்கம், கட்டியதெல்லாம் மறு பக்கம். தினமும் மாலையில் இருவரும் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இப்படியே ஏழு மாதம்.

போன வாரம் பாக்கி ஆறு வெள்ளி இருபது காசுக்கு இறங்கியிருந்தது. மிச்சம் பிடித்த காசைப் போட்டுவந்த பால் டின்னில் சேர்ந்தது ஆறு வெள்ளி நாற்பத்தைந்து. அண்ணி டின்னைக் குலுக்கிப் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் நானும் அண்ணியும் கடைக்குப் போனோம். கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டினார்.

“எட்டு வெள்ளி அறுவது.”

“எங்க கணக்குல ஆறு இருவதுதானே, மொதலாளி?”

“உங்க கணக்கைக் கொண்டாங்க. பாத்துக்கலாம்.”

சுவரை எப்படிக் கொண்டு போவது? வீட்டுக்கு வந்து படித்துக் காட்ட அழைக்கலாம் என்று ஓடி வந்தோம்.

வந்து பார்த்தால் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

தோட்டத்து வீடுகளுக்கு ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்பு அடிப்பார்கள். கூடுதல் கூலி கிடைக்குமென்று அண்ணன் அந்த வேலைக்குப் பேர் கொடுத்திருந்தார். முதலில் அடித்தது எங்கள் வீட்டை.

அண்ணி சுவரைத் தொட்டுப் பார்த்தார். கையில் சுண்ணாம்பு ஒட்டியது.

“ஏழு மாசம். பச்சை மொளகாயக்கூட எண்ணிப் போட்டேன். கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“தெரிஞ்சுது புள்ள. அடிக்கிறப்ப எழுத்தெல்லாம் நல்லாத் தெரிஞ்சுது. அதான் அழியாதுன்னு நெனச்சேன். காஞ்ச பிறகுதான் காணோம்.”

சம்பளத்துக்கு ஆறு நாள் இருந்தது. அதற்குள் கணக்கு தீராவிட்டால் சம்பளக் காசு பாக்கிக்குப் போய்விடும்; அடுத்த மாத அரிசியும் பற்றுதான். மறுபடி முதலிலிருந்து.

எனக்கு அண்ணன் சொன்னது மட்டும் மண்டையைக் குடைந்தது. அடிக்கும்போது தெரிந்தது; காய்ந்ததும் காணோம். அப்படியென்றால் எழுத்து அங்கேயேதானே இருக்கிறது? ஈரம்தானே போயிற்று?

யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு கை தண்ணீர் தெளித்தேன்.

வெள்ளைக்குள்ளிருந்து ‘தேங்காய் 2’ மெல்ல எழுந்து வந்தது. ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னேன்; அவர் கடைக்காரரை அழைத்தார்.

(ஏன் அப்படி? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.)

இன்று கடைக்காரர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அண்ணி ஒரு வாளித் தண்ணீரை எடுத்துச் சுவரில் வீசினார்.

“அலமாக்,” என்று மலாயில் அலறினார் கடைக்காரர். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

கரிக்கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. என் கையெழுத்து என்னைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. அண்ணி என் முதுகில் தட்டினார். “காயறதுக்குள்ள படி, பாப்பா.”

படித்தேன். முதல் இரண்டு வரிக்குக் குரலே வரவில்லை. மூன்றாவது வரியில் வந்தது.

கடைக்காரர் தன் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். இரண்டு வெள்ளி பத்துக்கு அரிசி. காலையில் அண்ணி சொல்லிவிட்டுப் போனபோது ஒருமுறை எழுதியிருக்கிறார். சாயங்காலம் அண்ணன் வந்து தூக்கிப்போனபோது இன்னொருமுறை.

“என் தப்புதான்,” என்று ஒரு வரியை அடித்தார். “அப்ப ஆறு வெள்ளி அம்பது.”

“ஆறு இருவது,” என்றார் அண்ணி.

“உங்க செவுத்துல பீடி இல்ல. என் புத்தகத்துல ஆறு கட்டு இருக்கு. கட்டு அஞ்சு காசு.”

அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு டின்னைக் கவிழ்த்தார். ஆறு வெள்ளி நாற்பத்தைந்து. ஐந்து காசு குறைந்தது.

கடைக்காரர் காத்திருந்தார். அண்ணி காத்திருந்தார். அண்ணன் மெதுவாக வேட்டி முடிச்சை அவிழ்த்து ஓர் ஐந்து காசை எடுத்து வைத்தார்.

கடைக்காரர் எங்கள் பக்கத்துக்குக் குறுக்கே கோடு போட்டார். கடன் தீர்ந்தது.

அவர் படியிறங்கும்வரை பொறுத்திருந்து அண்ணி கேட்டார். “அந்த அஞ்சு காசை எதுக்கு முடிஞ்சு வச்சிருந்தீங்க?”

அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது.