சாமி ஒத்துக்கிச்சு, பக்கத்து ஊட்டுக்காரர் ஒத்துக்கல

எங்கூட்டு நாயி மொதக் கோழியக் கொன்னப்போ எங்கூட்டுக்காரி அழுதா. ரெண்டாவதக் கொன்னப்போ அழுகல. எங்கிட்டப் பேசறத நிறுத்திப்போட்டா. அழுதிருந்தாக்கூடப் பரவால்லீங்க.

கணபதிங்கற ஊர்ல எனக்கு ஒரு சின்ன லேத் பட்டற. ஊடு பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்துல, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில கொஞ்சம் எடத்தோட. நாட்டுக்கோழியெல்லாம் அவளோடது, நாயி என்னோடது. வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துல குட்டியா வாங்கிட்டு வந்தேன். "ஆட்டுப்பட்டில வளந்ததுங்க, எதையும் கடிக்காது"ன்னு சொல்லிக் குடுத்தாங்க. நெசந்தான். இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆட்டக் கடிச்சதில்ல.

மூணாம் நாளு வாயத் தொறந்தா.

"ஏனுங்க, ஒரு மாசந்தான். அதுக்குள்ள அது கோழியோட ஒழுங்கா இருக்கப் பழகோணும். இல்லீன்னா வெள்ளகோவில்லயே கொண்டுபோயி உட்டுப்போட்டு வாங்க. நீங்களும் அங்கயே இருந்துக்கிட்டாலும் சரி."

பட்டறைல ஒருத்தரு யோசன சொன்னாரு. செத்த கோழிய நாயி கழுத்துலயே கட்டி உடுங்க, நாத்தம் தாங்காம திருந்திரும்னாரு. கட்டுனேன். அது கல்யாண மாப்பளையாட்டம் நெஞ்ச நிமித்திட்டு வாசல்ல நின்னுது. தெருநாயெல்லாம் வந்து பாத்துட்டுப் போச்சு. நாத்தம் தாங்காம அவுத்து உட்டது நாந்தான்.

அப்பறம் போன்ல வீடியோ பாத்தேன். கோழியப் பாத்தும் சும்மா இருந்துச்சுன்னா அந்த நிமிசமே அதுக்குப் பிடிச்ச தீனி குடுக்கோணுமாம். சரின்னு கறிக்கடைல ஈரல் வாங்கிக் குடுத்தேன். நாலாம் நாளு ஜன்னல்ல இருந்து எங்கூட்டுக்காரி சத்தம் வந்துச்சு.

"கோழியத் திங்காம இருக்கறதுக்குக் கூலி கோழி ஈரலுங்களா?"

அதுவரைக்கும் எனக்கு அது தோணவே இல்லீங்க. நாய்க்குத் தோணியிருக்குது. கோழியப் பாக்கும், என்னப் பாக்கும், எச்சில் ஒழுகும்.

ஈரல உட்டுப்போட்டு வர்க்கிக்கு மாறுனேன், பேக்கரில டீயோட திங்க விக்கற அதே மொறுமொறு வர்க்கிதான். கோழி பக்கத்துல வந்தா நாயி மூஞ்சிய செவுத்துப்பக்கம் திருப்பிக்கோணும். திருப்புனா ஒரு துண்டு. இந்த வித்தைய எங்கூட்டுக்காரிகிட்ட இருந்துதான் எடுத்தேன். என்னக் கண்டா அவ அப்பிடித்தான் திருப்பிக்கிட்டிருந்தா. மொதல்ல கவுறு போட்டு பத்தடி தள்ளி உக்கார வெச்சேன். அப்பறம் அஞ்சடி, அப்பறம் கவுறே இல்லாம. மூணாவது வாரம் கோழிக அது கால் சந்துலயே பூந்து போச்சு. நாயி செவுத்தப் பாத்துட்டே இருந்துச்சு.

இந்த நேரம் பாத்துத்தான் பக்கத்து ஊட்டுச் சேவல் வந்துச்சு. பக்கத்து ஊட்டுக்காரர் ரிட்டயர்டான பஸ் டிரைவரு. முட்டி ஆப்ரேசன் நல்லபடியா ஆனதுக்கு கருப்பராயனுக்கு நேந்து உட்ட சேவல். நேந்து உட்டதுன்னு தெரிஞ்சோ என்னமோ, ஊருக்கே முதலாளியாட்டம் நடக்கும். கிளுவ வேலியத் தாண்டி வந்து நாயி முன்னால இருந்த வர்க்கியக் கொத்துச்சு. நாயி மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. காதக் கொத்துச்சு. அப்பவும் திருப்பிக்கிச்சு. மூக்குல கொத்துச்சு பாருங்க, அப்பத்தான் ஒரே ஒரு லபக்கு. சேவல் தப்பிச்சிருச்சு, வால் எறகு மூணு நாயி வாயில. அந்த மூணையும் வாயில வெச்சுட்டே மறுக்காவும் செவுத்தப் பாத்து உக்காந்துக்கிச்சு.

வேலிக்கு மேல தல தெரிஞ்சுது.

"ஏனுங் தம்பி."

"சொல்லுங்ணா."

"உங்க நாயி செத்துப்போச்சுன்னா எனக்கு ரொம்ப சந்தோசமா இருக்குமுங்க."

"சேவல்தாங்ணா மொதல்ல..."

"வாலில்லாத சேவல சாமி எடுத்துக்குமுங்களா? ஞாயித்துக்கெழம காலைல தண்ணி தெளிப்போம். சேவல் சிலுத்துச்சுன்னா சரி. சிலுக்கலீன்னா அன்னைக்கே உங்க நாயி இந்த ஊர உட்டுப் போயிரோணும். நீங்களே கூட்டிட்டு வாங்க. குத்தவாளியும் எதுக்க இருக்கட்டும்."

வெட்டறதுக்கு முன்னால மஞ்சத்தண்ணி தெளிக்கறது எங்க பக்கத்து வழக்கம். ஒடம்ப ஒதறிச் சிலுத்துச்சுன்னா சாமி ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள எங்கூட்டுக்காரி, "போயிருமுங்ணா"ன்னுட்டா.

ஞாயித்துக்கெழம வேப்பமரத்தடில பத்துப் பாஞ்சு பேரு. நாயக் கவுறு கட்டிப் புடிச்சுட்டு நின்னேன். ஒருத்தரும் எனக்கு எடம் உடல. பூசாரி தண்ணி தெளிச்சாரு. சேவல் நாயவே மொறச்சுப் பாத்துட்டு கல்லாட்டம் நின்னுது. மறுக்காத் தெளிச்சாரு. அசையல. மூணாந்தரமும் அப்பிடியே. பக்கத்து ஊட்டுக்காரர் என்னப் பாத்தாரு. வெள்ளகோவிலுக்கு எந்த பஸ்ஸுல நாய ஏத்துவாங்கன்னு நான் யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்.

பக்கத்து ஊட்டுக்காரருக்குப் பொறுமை போச்சு. பூசாரி கையில இருந்த சொம்பப் புடுங்கி மொத்தத் தண்ணியையும் வீசுனாரு. குறி தப்பி எல்லாம் நாயி மேல. நாயிக்கு என்ன தெரியும்? மூக்குல ஆரம்பிச்சு வால் நுனி வரைக்கும் ஒரு ஒதறு ஒதறுச்சு.

கூட்டத்துல ஒரு அம்மா, "சாமி நாயக் கேக்குதாட்டம் இருக்குது"ன்னுது. எல்லாரும் சிரிச்சாங்க. நான் கவுத்த இறுக்கிப் புடிச்சுட்டேன்.

நாயி ஒதறுன தண்ணி சேவல் மூஞ்சில அடிச்சிருந்துச்சு. சேவல் கண்ண மூடித் தொறந்து, கழுத்தச் சிலுத்துச்சு பாருங்க, மிச்சமிருந்த எறகெல்லாம் நட்டமா நின்னுது.

"உத்தரவாயிருச்சு"ன்னாரு பூசாரி.

"அது நாயி தெளிச்ச தண்ணிங்க. எப்பிடிச் செல்லும்?"ன்னாரு பக்கத்து ஊட்டுக்காரர்.

"சிலுத்துச்சுங்களா, இல்லீங்களா?"

"சிலுத்துச்சுங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க பேச்சு?"

பக்கத்து ஊட்டுக்காரர் எங்கிட்ட வந்தாரு. "சாமி ஒத்துக்கிச்சுங்க தம்பி. நானு ஒத்துக்கல. மத்தியானம் சாப்புட வந்துருங்க."

போனேன். போகாம இருந்தா அதுக்கும் ஒரு சண்டை. எல்லாரு எலைக்கும் அந்தச் சேவக் கறி உழுந்துச்சு, என்ற எலைக்குக் கழுத்துத் துண்டு. அவரே பாத்துப் பாத்துப் போட்டாரு. நான் அத எலைக்கிழிசல்ல சுருட்டி ஊட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். எதிரியாச்சே, ஒரு வாய் திங்கட்டும்னு நாயி முன்னால வெச்சேன்.

நாயி மோந்து பாத்துச்சு. என்னப் பாத்துச்சு. மூஞ்சிய செவுத்துப்பக்கம் திருப்பிக்கிச்சு. எச்சில் தரை வரைக்கும் ஒழுகுது, தல மட்டும் திரும்பல.

வாசக் கூட்டிட்டிருந்த எங்கூட்டுக்காரி சீமாறக் கீழ போட்டா. உள்ள போயி ஒரு முழு வர்க்கி எடுத்துட்டு வந்தா. நாய்க்குத்தான், எனக்கில்ல.

கழுத்துத் துண்ட நானே தின்னேன். சரியா வேகலீங்க.